வாசல் மேட்டில் வைத்த தழை

மாலை ஏழு மணி தாண்டியிருக்கும். கோத்தா திங்கி பக்கம், செம்பனைக் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ஒரு செம்மண் ரோடு. மலைக்கு ஏற அது ஒன்றுதான் வழி. இறங்கவும் அது ஒன்றுதான். மலாய்க் கிராமத்தில், கம்பத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். ஈர மண் வாசனை... தவளைச் சத்தம்... மேலேயிருந்து ஒரு மோட்டார் இறங்கி வருகிறது. அதில் இருப்பவன் ஒருவன். ஹெல்மட் இரண்டு.

லோஷினி, ஏன் இப்போதே என் கையைப் பிடிக்கிறாய்? இன்னும் ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை. எல்லைப் பாலத்தில் வண்டிகள் நகர்கிற மாதிரி தெரியவில்லை. செல்லப்பன் அண்ணன் வேனின் இன்ஜினையே அணைத்துவிட்டார். சிங்கப்பூர் நமக்குப் பின்னால், வீடு முன்னால், நடுவில் நாம். கதை கேட்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி பிரேமலா இருக்கிறாளே, அவளுடைய தாய்மாமன் காளிதாஸ் வீட்டில் நடந்தது. போன வருஷம்தான். காளிதாஸ் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டிரைவர். நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஆகிறது. மாசாயில் சொந்த வீடு. அவனுடைய தங்கை கஸ்தூரி. கஸ்தூரியின் புருஷன் சின்னத்தம்பி. வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்ததில் வீட்டோடு இருந்தார். பெரியவனை 'அவன்' என்கிறேன், சின்னவரை 'அவர்' என்கிறேன் என்று பார்க்கிறீர்களா? கதை முடியட்டும். உங்களுக்கும் காளிதாஸுக்கு மரியாதை கொடுக்க வாய் வராது.

முதலில் அந்த மலையைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்கள் அதைக் கோட்டைமலை என்பார்கள். கோட்டை என்றதும் கல் மதில், கோபுரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மண் மேடுதான். இரண்டு ஆள் உயரம், மலை உச்சியைச் சுற்றி வட்டமாக ஓடும். வெளிப்பக்கம் செம்பாறைக் கற்கள் அடுக்கியிருக்கும். அதற்கு வெளியே அகழி. இப்போது அதில் காட்டுப் பன்றிதான் புரள்கிறது. அந்த மேட்டில் ஒரே ஓர் இடத்தில் இடைவெளி உண்டு. அதுதான் வாசல். அங்கே இருந்த கதவு போய் நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பறங்கிக் கப்பல் ஆற்றில் ஏறி வந்து ஊர்களைக் கொளுத்திய காலமாம். சுல்தானின் ஆட்கள் மலை உச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். மரங்களைக் கூராகச் சீவி மேட்டின் மேல் நட்டார்கள், உள்ளே கிணறு வெட்டினார்கள், இருந்துவிட்டார்கள். மாதக் கணக்கில் பீரங்கி சுட்டும் அந்த மேடு அசையவில்லை. குண்டு மண்ணுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும், அவ்வளவுதான். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்காது. கம்பத்து ஆட்கள் சொல்லி, தோட்டத்து ஆட்கள் கேட்டு, வாய் வழியாக வந்தது.

வாசலில் இரண்டு காவல்காரர்கள். உயிர்க் கூட்டாளிகள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் ஒருவன் விறகு எடுக்க வெளியே போனான். அவன் திரும்புவதற்குள் கீழே தீப்பந்தங்கள் தெரிந்தன. உள்ளே இருந்தவன் என்ன செய்தான்? கதவைச் சாத்திக் குறுக்குச் சட்டத்தைப் போட்டுவிட்டான். தலைவன் ஓடி வந்து, "எல்லாரும் உள்ளே வந்தாச்சா?" என்று கேட்டான். "வந்தாச்சு" என்றான். அப்போது வெளியே கதவைத் தட்டும் சத்தம்... பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்... அவன் காதைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

மறுநாள், அதே நேரம், அதே குரல். "நான்தான். திற." ராத்திரி முழுக்கத் தூங்காதவன். மனசு கேட்கவில்லை. சட்டத்தைத் தூக்கினான். விடிவதற்குள் கோட்டை எரிந்து முடிந்தது. மாதக் கணக்கில் பீரங்கியால் முடியாததை ஒரு பொய் முடித்து வைத்தது. அன்றைக்குக் கூப்பிட்டது உயிரோடு இருந்தவனா, இல்லையா... அது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

தழை வைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். செம்பனை நட்ட காலத்தில் குலை வெட்டப் போன நம் ஆட்கள் அந்த வாசலுக்குள் தனியாக நுழையமாட்டார்கள். நுழையும்போது ஆளுக்கு ஒரு பச்சைக் கொத்தை ஒடித்து வாசல் மேட்டில் வைப்பார்கள். திரும்பும்போது அவரவர் தழையை அவரவர்தான் எடுக்க வேண்டும். எல்லாத் தழையும் எடுத்த பிறகு, வாசலைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும்: "எல்லாரும் வந்துட்டோம்." சொல்லிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருவரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். மேட்டில் தழை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் இது தெரியும். இந்த ஒரு விஷயத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. குடிகாரன்கூடச் சொன்னதில்லை.

காளிதாஸ் சொன்னான்.

அவன்தான் இதையெல்லாம் ஆரம்பித்தவன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். கோட்டைக்குள் தூர்ந்துபோன கிணற்றின் மேல் அதைக் காட்டியதும் கீ... கீ... என்று கத்தியது. கோட்டை எரியும்போது உள்ளே இருந்தவர்கள் நகைநட்டை எங்கே போட்டிருப்பார்கள்? கிணற்றில்தானே? இதுதான் அவன் புத்தி போன போக்கு. அங்கே தோண்டுவது குற்றம். அரசாங்கம் பெரிதாகப் பலகை நட்டு வைத்திருக்கிறது. வெளியாளைச் சேர்த்தால் காட்டிக் கொடுத்துவிடுவான் என்று தங்கை புருஷனைச் சேர்த்துக்கொண்டான். ஞாயிறு ஞாயிறாகச் சின்னத்தம்பி கயிற்றில் இறங்கித் தோண்டுவார். இவன் மேலே நின்று மண் கூடையை இழுப்பான். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே... இவன் அதைவிடக் கெட்டிக்காரன். குழியை அவரையே பறிக்க வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னத்தம்பிக்குப் போக இஷ்டமில்லை. ஜனவரி மாதம், வானம் கறுத்துக் கிடந்தது.

"மழை வரும் போல இருக்கு மச்சான். அடுத்த வாரம் போலாமே."

"கொஞ்ச நேரந்தான் லா. நான் மேல நிக்கிறேன்ல, அப்புறம் என்ன?"

கஸ்தூரி ஹெல்மட்டைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள். "அண்ணே, இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டு வந்துருங்க. இவருக்கு இருட்டுல கண்ணு சரியாத் தெரியாது."

"என்கூட வர்றவன நான் விட்டுட்டு வருவேனா?" என்றான் காளிதாஸ். அவன் வாயாலேயே சொன்னது.

மலையில் இருவரும் தழை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே போகுமுன்பே சின்னத்தம்பி தன் கைப்பேசியை மச்சானிடம் கொடுத்தார், கிணற்றில் விழுந்துவிடக்கூடாது என்று. காளிதாஸ் அதை மோட்டார் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வேலை நடந்தது. கூடை கூடையாக மண் வந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கூடையை இழுத்துக் கொட்டிவிட்டு நிமிர்ந்தான்... கீழே, ரோட்டு வளைவில், ஒரு ஜீப்பின் வெளிச்சம்.

ரேஞ்சர். ஞாயிற்றுக்கிழமை வராத காட்டிலாகா ஆள்.

காளிதாஸ் கிணற்றுக்குள் குனிந்தான். "மாப்ளே, ரேஞ்சர் வர்றான். டார்ச்ச அணைச்சிடு. சத்தம் போடாத. நான் பேசி அனுப்பிட்டு வந்து தூக்கிடுறேன்."

உள்ளே வெளிச்சம் அணைந்தது. "சரி மச்சான். போயிட்டு வாங்க. நான் எங்க போயிடப் போறேன்?" சின்னத்தம்பி சிரித்தாராம்.

கயிறு கூடையோடு மேலே வந்திருந்தது. அவன் அதைத் திரும்ப உள்ளே விடவில்லை. சுருட்டிப் புதருக்குள் தள்ளினான். வாசலுக்கு ஓடினான். மேட்டின் மேல் இரண்டு தழை. தன்னுடையதை எடுத்தான். மற்றது இருந்தால்? ரேஞ்சர் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தேடப் போவார். கிணற்றைப் பார்ப்பார். வழக்கு, ஜெயில், வேலை போகும், பென்ஷன் போகும்... அவன் கை இரண்டாவது தழையையும் எடுத்தது. இரண்டையும் அகழிக்குள் வீசிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மோட்டார் பக்கத்தில் போய் நின்றான்.

ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர் வயதான மலாய்க்காரர், அதே கம்பத்தில் பிறந்து வளர்ந்தவர். பச்சிலை பறிக்க வந்தேன் என்றான் காளிதாஸ். அவர் டார்ச் மோட்டாரின் மேல் போனது. இரண்டு ஹெல்மட். கூட வந்தவன் எங்கே என்று கேட்டார். அவன் மத்தியானமே இறங்கி நடந்து போய்விட்டான் என்றான். டார்ச் வாசல் மேட்டுக்குப் போனது. தழை இல்லை.

"செமுவா சுடா கெலுவார்?" என்றார். எல்லாரும் வெளியே வந்தாச்சா?

"சுடா" என்றான். வந்தாச்சு.

அவர் நகரவில்லை. வாசல் பக்கம் கையை நீட்டினார். சொல்லிவிட்டு வா என்று அர்த்தம்.

கிணறு வாசலிலிருந்து தூரமில்லை. பக்கம்தான். சத்தமாகச் சொன்னால் கிணற்றுக்குள் கேட்கும். மெதுவாகச் சொன்னால் ரேஞ்சர் சந்தேகப்படுவார். காளிதாஸ் வாசலைப் பார்த்தான்... தொண்டையைச் செருமினான்... சத்தமாகவே சொன்னான்.

"எல்லாரும் வந்துட்டோம்."

சின்னத்தம்பி அதைக் கேட்டிருப்பார். கேட்காமல் இருக்க வழியே இல்லை. இருட்டில், கிணற்றுக்குள்ளே, தலைக்கு மேலே கயிறு இல்லாமல் நின்றுகொண்டு, தன் மச்சான் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டிருப்பார். ஆனாலும் ஒரு சத்தமும் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். மச்சான் சத்தம் போடாதே என்றாரே! நம்பிக்கை என்றால் அது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்ததாம்.

டொக்.

கனமான மரச்சட்டம் ஒன்று தன் பள்ளத்தில் விழுந்து உட்காருகிற சத்தம். வெறும் இடைவெளியிலிருந்து. கதவும் இல்லை, சட்டமும் இல்லை. அதோடு ஒரு வாசனை... பச்சை மரம் எரிந்து தண்ணீர் ஊற்றி அணைத்த மாதிரி. ரேஞ்சருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே, "செப்பாட், செப்பாட்" என்று அவனை விரட்டினார். சீக்கிரம் போ, சீக்கிரம் போ.

அவன் முன்னால் இறங்கினான், ஜீப் பின்னால் வந்தது. பாதி வழியில் மோட்டார் பெட்டிக்குள் சின்னத்தம்பியின் போன் அடித்தது. கஸ்தூரிதான். அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. மலையடிவாரத்தில் ரேஞ்சர் ரோட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, போகாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். காளிதாஸ் அவரைப் பார்த்து நின்றான். ஒரு வார்த்தை போதும். 'உள்ளே ஆள் இருக்கு.' வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான். காலையில் வந்து தூக்கிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அன்றிரவு மழை பிடித்தது. ஆமாம் செல்லப்பன் அண்ணே, அதே மழைதான். கோத்தா திங்கி ரோடெல்லாம் முங்கி, ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்களே, அதே மழை. விடாமல் நாட்கணக்கில் ஊற்றியது. ஒரு போன் அடித்திருந்தால் பொம்பா, தீயணைப்புக்காரர்கள், போட்டில் ஏறியாவது போயிருப்பார்கள். அவன் அடிக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, பட்டப்பகலில், தனியாக மலைக்குப் போனான். மேட்டின் மேல் ஏறி எட்டித்தான் பார்த்தான். கிணற்றின் வாய் சரிந்து மண் மூடியிருந்தது. "மாப்ளே" என்று ஒரு தடவை கூப்பிட்டானாம். இறங்கி வந்துவிட்டான்.

கஸ்தூரிக்கு என்ன சொன்னான் தெரியுமா? முதல் நாளே அவள் கேட்டாள், "அவரு ஹெல்மட் உங்ககிட்ட இருக்கே, அவரு எங்க?" கூட்டாளி ஒருவன் காரில் வந்தான், எல்லை தாண்டி ஹாட்ஜாயில் வேலை இருக்கிறது என்றான், ஏறிப் போய்விட்டார் என்று சொன்னான். அடுத்த வாரம் அந்தப் பொய்க்கு மேலே ஒரு மாடி கட்டினான். "அங்க ஒருத்தி இருக்கா போல. எனக்கு முன்னாடியே சந்தேகந்தான். நீ மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கஸ்தூரி செருப்பால் அடித்திருப்பாள். சொன்னது கூடப் பிறந்தவன். நம்பிவிட்டாள். போலீசுக்கும் போகவில்லை, ஓடிப்போன புருஷனுக்கு யாராவது போலீஸ் ரிப்போர்ட் கொடுப்பார்களா என்று அவனே தடுத்தான். தாலியைக் கழற்றிச் சாமி மேடையில் ஒரு டப்பாவுக்குள் வைத்தாள். அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பிள்ளை இல்லை, அதனால்தான் போய்விட்டான் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஒரு பெண்ணுக்குப் புருஷன் செத்தால் ஊர் கூட அழும். விட்டுவிட்டுப் போனால் ஊர் அவளையேதான் பார்க்கும். என்னிடம் என்ன குறை, ஏன் போனார்... இதையே நினைத்து நினைத்து ஆள் பாதியாகிவிட்டாள். கடைசியில் காளிதாஸே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பாசமாம்.

அவள் வந்த அன்று மாலையிலிருந்து ஆரம்பித்தது.

ஏழு மணி தாண்டி, வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கிற நேரம். வீட்டு முன்கேட்டில் சங்கிலி மெதுவாக ஆடும். கிளிங்... கிளிங்... பிறகு குரல்.

"மச்சான்..."

கோபமான குரல் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து கூடையை இழுக்கச் சொல்லும்போது கூப்பிடுவாரே, அதே மாதிரி.

"மச்சான்... நான்தான்."

காளிதாஸ் டிவி சத்தத்தைக் கூட்டினான். மறுநாளும் கூட்டினான். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான், ஆறு மணிக்கே பூட்டினான். கஸ்தூரி சமையல்கட்டில் இருப்பாள். அந்த நேரத்தில் டிவி அலறுவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள், சரியாக அந்த நேரத்தில், தாமான் குடியிருப்பு முழுக்கக் கரண்ட் போனது.

டிவி அணைந்தது. காற்றாடி நின்றது. வீடு அமைதியானது...

கிளிங்... கிளிங்...

"மச்சான்... நான்தான்."

கஸ்தூரி கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "அண்ணே... இது அவரு குரல்."

"திறக்காத."

"அவருதான்ணே! வந்துட்டாரு!"

"அது அவன் இல்ல. உள்ள போ."

"நீங்க எட்டிக்கூடப் பார்க்கலையே. எப்படித் தெரியும்?"

"அவன் வர முடியாது கஸ்தூரி!"

வாயிலிருந்து வந்துவிட்டது. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை என்றான் பிறகு.

"ஏன் வர முடியாது?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். "ஹாட்ஜாயில இருக்கிறவரு பஸ் ஏறினா வந்துடலாமே. ஏன்ணே வர முடியாது?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். பயத்தில் எங்கே பொருந்தும்? தரையில் உட்கார்ந்துவிட்டான். கயிறு, தழை, ரேஞ்சர், மழை... எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல வெளியே சங்கிலி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை. திட்டவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்ப அவரு என்னைய விட்டுட்டுப் போகல."

என்ன லோஷினி? இல்லை, நீ அழாதே. அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாளாம். அதுதான் காளிதாஸுக்குத் தாங்கவில்லை.

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். அவன் எழுந்து கையைப் பிடித்தான். "வேணாம்மா. அது என்னன்னே தெரியாது. அந்த மலையில அப்படித் திறந்துதான் எல்லாரும் செத்தாங்க."

"கைய விடுங்க. நீங்க சாத்தினது போதும்."

கேட்டைத் திறந்தாள். தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு, காருக்கு அடியில் போய்ப் படுத்தது. கஸ்தூரி ஓரமாக ஒதுங்கி நின்றாள், ஓர் ஆள் உள்ளே வர வழிவிடுகிற மாதிரி. ஈரச் செம்மண் வாசனை அவளைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குள் போனது. வாசற்படியில், தண்ணீர் நிறைந்த ரப்பர் பூட்ஸை ஒவ்வொன்றாக உருவுகிற சத்தம்... சளக்... சளக்... பூட்ஸ் எதுவும் அங்கே இல்லை.

"வாங்க" என்றாள். கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் காலையில் தாலியைக் கட்டிக்கொண்டு போலீசுக்குப் போனாள். மலையில் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். கிணற்றை அடி வரைக்கும் தோண்டினார்கள். மண்வெட்டி கிடைத்தது. டார்ச் கிடைத்தது. சுவிட்சை அணைத்தபடியே இருந்தது. ஒரு போலீஸ்காரர் துடைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. அவ்வளவு நேரமும் அந்த மனுஷர் இருட்டிலேயே இருந்திருக்கிறார், மச்சான் அணைக்கச் சொன்னதற்காக.

ஆள் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை.

காளிதாஸ் நான்தான் கொன்றேன் என்று ஸ்டேஷனில் அழுதான். என்னை உள்ளே போடுங்கள், வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று அதிகாரியின் காலில் விழப் போனானாம். உடம்பு கிடைக்காமல் எப்படி? வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி, வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். கஸ்தூரிதான் வந்து கூட்டிக்கொண்டு போனாள். வேறு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்கிறீர்களா? ஒரு தடவை ஸ்கூடாயில் ஒரு கூட்டாளி வீட்டில் போய்ப் படுத்தான். விடியும்போது அந்த வீட்டுக்காரர்களே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். என்ன பார்த்தார்கள் என்று இன்று வரை சொல்லவில்லை.

போன தீபாவளிக்குப் பிரேமலா அந்த வீட்டுக்குப் போனாள். நல்ல பகல் நேரம். கஸ்தூரி சித்தி முகத்தில் பழைய களை திரும்பியிருந்ததாம். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. முறுக்கு சுட்டு வைத்திருந்தாள். சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். காளிதாஸ் மட்டும் சுவரோரம் ஒரு நாற்காலியில், உடம்பை ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடியெல்லாம் வெளுத்துவிட்டது.

பின்பக்கக் கொடியில் ஒரு கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று பிரேமலா பார்த்தாள். துவைத்ததுதான். ஆனாலும் செம்மண் கறை போகவில்லை.

சித்தி தேத்தண்ணி கலக்கச் சமையல்கட்டுக்குள் போனதும், காளிதாஸ் பிரேமலாவின் கையைப் பிடித்தான். கை ஐஸாக இருந்ததாம். காதருகே குனிந்து, காற்று மாதிரி சொன்னான்.

"அவன் என்னை ஒண்ணும் பண்ணலம்மா. திட்டுனா பரவாயில்ல. திட்டவும் மாட்டேங்கிறான். ராத்திரியானா என் பாயில வந்து என்னை ஒட்டிப் படுத்துக்கிறான். ஒடம்பெல்லாம் ஈரம். 'குளிருது மச்சான்'னு மட்டும் சொல்றான்... விடிய விடிய அதையேதான் சொல்றான்."

அடுப்படியில் தே ஆற்றும் சத்தம் நின்றது. அங்கிருந்தே, அன்பாக, கஸ்தூரி சொன்னாள்:

"நல்லா இழுத்துப் போர்த்தி விடுங்கண்ணே. நீங்கதான பக்கத்துல இருக்கீங்க."